ஆயிரத்து நானூற்று எழுபத்து மூன்று

புன்தா அரேனாஸில் தெருமுனைகளில் கயிறு கட்டுவார்கள்,
காற்று ஆளைத் தள்ளிக்கொண்டு போகும் மாதங்களில்.
அதைப் பிடித்துத்தான் வந்தேன்
இரவு ஒன்று இருபதுக்கு, மருத்துவமனைக் கீழ்த்தளத்துக்கு.

யெர்கோ எனக்கு முன்பே வந்திருந்தான்.
கோட்டைக் கழற்றவில்லை.
பேக்கப் ஓடுகிறதா என்றேன்.
"ஓடுவதாகத்தான் சொல்கிறது, ஹிமேனா.
பத்து மணியிலிருந்து
நான்கு விழுக்காட்டிலேயே ஓடுகிறது."

திரையில் ஒரே வரி, திரும்பத் திரும்ப:
சேமிப்பகம் பதில் தரவில்லை, இன்னும் முயல்கிறேன்.
பதில் தரவில்லை, இன்னும் முயல்கிறேன்.

முற்றத்துக்கு அப்பால், பழைய சலவைக் கட்டடத்தில் இருக்கிறது அது.
இன்றைய பகல் முழுவதும் அங்கே போய்ச் சேர வேண்டும்:
இவெலிச் அம்மாளின் இடுப்பெலும்பு,
நண்டுப் படகிலிருந்து இறக்கிய பையனின் மூன்று விரல்கள்,
பெயர் வைக்காத ஒரு குழந்தையின் நுரையீரல்,
எல்லாம் சாம்பல் படங்களாய் வரிசையில் நிற்கின்றன.
கதவு திறந்திருக்கிறது,
யாரும் உள்ளே போகவில்லை.

சின்ன அடைவைத் திறந்தேன், விரிந்தது.
பெரிய அடைவைக் கேட்டதும் திரை கல்லானது.
"கொன்றுவிடு" என்றான்.
ஒன்பதாம் எண்ணைக் கொடுத்தேன்,
அதற்கு மேல் கட்டளை கிடையாது.
சாகவில்லை.
எழுப்பவும் ஆகாத, கொல்லவும் ஆகாத
ஒரு தூக்கத்தில் கிடந்தது நிரல்.

"கொஞ்சம் இளக்கமாக இணைத்திருந்தால்
இந்நேரம் கைவிட்டிருக்கும்.
நாமும் படுத்திருப்போம்."
"கைவிட்டுவிட்டு
முடிந்தது என்று காலையில் பொய்யும் சொல்லியிருக்கும்" என்றேன்.
மாத்தே ஆறிப்போயிருந்தது, குடித்தோம்.

வட்டுகளைப் பார்த்தோம், நலம்.
மின்விசிறி நலம். விளக்குகள் பச்சை.
பிங் அனுப்பினால் இமைக்குமுன் பதில்.
தனிலோ ஒயார்ஸோவைத் தூக்கத்திலிருந்து எழுப்பிக் கேட்டோம்,
செவ்வாயன்று ஸ்விட்சை மாற்றியவன் அவன்.
பின்னால் ஏதோ நாய் குரைத்தது.
நல்லாத்தானே இருக்கு, பச்சை எரியுதே, என்றான்.

எல்லோரும் நலம்.

யெர்கோவையும் நான் தினம் கேட்கிறேன், எப்படி இருக்கிறாய் என்று.
இமைக்குமுன் பதில்.
மார்ச்சில் அவன் வீட்டைக் காலி செய்த நாளிலும்
இமைக்குமுன்தான் வந்தது.

மூன்று மணிக்கு,
பாக்கெட்டை உடைக்கக் கூடாது என்று சொல்லி
நீளத்தை மட்டும் கூட்டிப் பார்த்தேன்.
நூறு பைட், போனது.
ஆயிரம், போனது.
ஆயிரத்து நானூற்று எழுபத்திரண்டு, போனது.
எழுபத்து மூன்று.

கூரைத் தகட்டில் காற்று மட்டும்.

மறுபடி அனுப்பினேன். எழுபத்து மூன்று.
யெர்கோ நாற்காலியை இழுத்துப் போட்டு அருகில் உட்கார்ந்தான்.

இரண்டு கரைகளும் ஒன்பதாயிரம் பேசச் சம்மதித்திருந்தன.
நடுவில் வந்த புது ஸ்விட்சுக்கு
ஆயிரத்து ஐந்நூறுக்கு மேல் தொண்டை இல்லை.
விழுங்க முடியாததைக் கீழே போட்டது.
போட்டேன் என்று
ஒருவரிடமும் சொல்லவில்லை.

ஒரே ஒரு வரிதான் மாற்ற வேண்டியிருந்தது.
யெர்கோ தட்டினான், விரல் விறைத்து, இருமுறை தப்பாக.

சேமிப்பகம் சரி, என்றது திரை.
தூங்கிய நிரல் எழுந்து
விட்ட பைட்டிலிருந்தே தொடங்கியது.
என்ன நடந்தது, எவ்வளவு நேரம், எதுவும் கேட்கவில்லை.
ஐந்து. பதினொன்று.
இடுப்பெலும்பு முற்றத்தைக் கடந்தது.
விரல்கள் கடந்தன.
முப்பது தாண்டியதும் பார்ப்பதை நிறுத்தினோம்.

வெளியே இன்னும் இருட்டு.
கயிற்றில் அவன் முன்னால், நான் பின்னால்.
இந்த முறை கொஞ்சம் நீளமாகக் கேட்டேன்:
அந்த வீட்டில் ராத்திரியில் என்ன செய்கிறாய்,
யாரோடு சாப்பிடுகிறாய்,
கோட்டை ஏன் கழற்றுவதே இல்லை?

நின்றான். திரும்பி
ஏதோ சொன்னான், நீளமாக.
பாதியைக் காற்று கொண்டுபோயிற்று.

மறுபடி சொல், என்றேன்.